சத்தம் ஓய்ந்ததும் திறக்கச் சொன்ன கதவு

ராத்தா,

பிறை கண்டதாகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லி முடிக்கவில்லை, வீட்டு முன் ஒழுங்கையில் முதல் வெடியைப் போட்டுவிட்டார்கள். அடுப்பில் அவிந்துகொண்டிருந்த வட்டிலப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் பழைய சாரித் துண்டை எடுத்து வந்து உங்கள் அறைக் கதவின் கீழே அடைத்தேன். சத்தம் உள்ளே போகாமலிருக்க நீங்கள் வருசா வருசம் அடைக்கிற அதே துண்டு.

ஜன்னலைச் சாத்தி, ஃபேனைக் கூட்டிவைத்து, சட்டியில் மணலும் கோப்பையில் தண்ணீரும் வைத்து நம் பூனை சூட்டியை உள்ளே விடுவீர்கள். "பூனைக்கு நோன்புமில்ல, பெருநாளுமில்ல ராத்தா" என்று நான் கேலி செய்வேன். "காதிருக்குல்ல புள்ள" என்பீர்கள். அக்காள் தங்கை நம் இரண்டு பேருக்கும் பிள்ளை என்று இருந்தது அது ஒன்றுதான்.

போன பெருநாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். பகல், மருதமுனையிலிருந்து மாமியும் மகள்மாரும் வந்து லுஹர் தொழ இடம் கேட்டார்கள். துப்புரவான அறை உங்களுடையதுதான். பத்து நிமிசம்தானே என்று சூட்டியைத் தூக்கிக் குசினி அடுப்படிப் பக்கம் விட்டேன். பெருநாளன்று வருகிறவர்கள் திரும்பிப் போகக் கூடாதென்று வாசல் கேற்றை அகலத் திறந்துவைத்திருந்தேன். விருந்தாளிகளை யோசித்த புத்தி அதை யோசிக்கவில்லை. வாசலடியில் ஒரு வெடி. சூட்டி பாய்ந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது. மெயின் ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததை நானே சாக்கில் எடுத்து வந்து முருங்கையடியில் புதைத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வட்டிலப்பத்துடன் உங்களிடம் வந்தேன். எவ்வளவு கழுவியும் கையில் மண் வாடை போகவில்லை.

"சூட்டி எங்க கிடக்கு?"

"உங்கட அறைக்குள்ளதான் ராத்தா."

"சத்தம் ஓய்ஞ்சாப் போல தொறந்து உடு புள்ள. அடைச்சிக் கிடக்க அதுக்கு ஏலா."

"ஓம் ராத்தா."

ஒரு கரண்டி தின்றீர்கள். மூன்றாம் நாள் கண்ணை மூடி மௌத்தானீர்கள்.

ராத்தாவின் மனம் நோகக் கூடாதென்றுதானே சொன்னாய் என்று யாரானாலும் என்னைத் தேற்றுவார்கள். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பயத்தில் சொன்ன பொய் அது. நீங்கள் என்னை ஏசியிருக்க வேண்டும், ராத்தா. அழுதுமிருக்க வேண்டும். இரண்டுக்கும் நான் இடம் தரவில்லை.

இப்போது வெடி ஓய்ந்துவிட்டது. போய்க் கதவைத் திறந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பையில் நான் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது.