உருவி எடுக்க முடியாத கட்டை

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
வியாழக்கிழமை

அன்புள்ள கோகிலவாணிக்கு,

இந்துமதி எழுதுகிறேன். நீயும் அண்ணனும் பாப்பாவும் நலம்தானே? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியாக இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "அட, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது புள்ள, சும்மா இரு" என்பாய். நானும் சும்மா இருந்துவிடுவேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அபயாம்பாள் ஆன்ட்டியின் அண்ணன் நாளைக்குக் கோயமுத்தூர் புறப்படுகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை தாண்டியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் பேராசிரியர் டெனெஷ் வார்கோவைப் பற்றி உனக்கு அவ்வப்போது சொல்லியிருக்கிறேன். ஹங்கேரிக்காரர். ஐம்பத்தாறில் அங்கே கலவரம் நடந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அண்ணன் காய்ச்சலாகப் படுத்திருந்ததால் அப்பா அவனோடு தங்கிவிட்டார். அம்மா இவரை மட்டும் கூட்டிக்கொண்டு, நாணல் காட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஆஸ்திரியாவுக்குப் போனார். விட்டுவந்த இருவரையும் அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை. இங்கே நியூ ப்ரன்ஸ்விக்கில் அம்மா தையல் தொழிற்சாலைக்குப் போனார். இவர் ஆங்கிலம் வராமல் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தாராம். கரும்பலகையில் முக்கோணம் போட்ட அன்றுதான் முதல்முதலாகக் கை தூக்கினாராம்.

வடிவியலில் அவர் பெயர் நிற்பது ஒரே ஒரு தேற்றத்தால். நீ கணக்கு டீச்சர், உனக்குப் புரியும். ஒரே மாதிரியான கட்டைகளை எடுத்துக்கொள். பள்ளம் எதுவும் இல்லாத, எல்லாப் பக்கமும் வெளியே புடைத்த கட்டைகள். அவற்றை எப்படி நெருக்கி அடுக்கினாலும், மற்றவற்றை அசைக்காமல் நேராக உருவி எடுக்கக்கூடிய கட்டை ஒன்றாவது இருந்தே தீரும். ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டைகளுக்கு இது எப்போதும் உண்மை என்று இருபத்தெட்டு வயதில் நிரூபித்தார். வேலை, வீடு, உலகம் முழுக்க அழைப்பு எல்லாம் அதனால் வந்தவை. அதற்குப்பின் எழுதியதெல்லாம் அதற்குப் போட்ட அடிக்குறிப்பு என்று அவரே சிரிப்பார். என் ஆய்வின் நான்காம் அத்தியாயம் முழுதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கோடை முடியும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. அதைவிட விசித்திரம், ஆங்கிலம் அத்தனையும் போய்விட்டது. ஹங்கேரிய மொழி மட்டும் மிச்சம். டாலஸில் பல் டாக்டராக இருக்கும் அவர் மகள் யூலி வந்து தங்கி, அவர் சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறார்.

அவர் இல்லாமல் நான்காம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தேற்றத்தின் நிரூபணத்தில் ஓர் இடத்தில், கட்டை திரும்பி நின்றால் என்ன ஆகும் என்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பிறகு கணினியில் வரைந்தேன். அதையும் நம்பாமல், அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய சந்தன சோப்புகளைக் கட்டைகளாக வெட்டி அடுக்கினேன். "ஏண்டி, என் காய் நறுக்கற கத்திதான் கெடச்சுதா? சாம்பார்ல சந்தன வாசனை வர்றதுடி" என்று ஆன்ட்டி சத்தம் போட்டார். அவர் மகள் தீக்ஷா, "அம்மா, லீவ் ஹெர் அலோன், இட்ஸ் மேத்" என்றாள். "மேத்னா பேப்பர்ல பண்ணச் சொல்லு" என்றார் ஆன்ட்டி. நானும் அவர்களோடு சிரித்தேன். ஆனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு சோப்புகூட வெளியே வரவில்லை.

தேற்றம் தப்பு என்று யாரிடம் சொல்வது? இந்தச் சனிக்கிழமை பேராசிரியருடைய எண்பதாவது பிறந்தநாளுக்காகத் துறையில் கருத்தரங்கு. எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கடைசி மாணவி என்று எனக்கும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தத் தேற்றத்தின் புதிய பயன்களைப் பற்றிப் பேச!

செவ்வாய்க்கிழமை பகலில் சோப்புகளை டப்பாவில் போட்டுக்கொண்டு அவர் இருக்கும் மருத்துவ இல்லத்துக்குப் போனேன். நான்தான் எங்கோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அவர் காட்டிவிட்டால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அடுக்கை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தேன். அவர் இடது கையால் ஒரு சோப்பை இழுத்தார். வரவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யூலி, "என்ன காட்டினாய்? அப்பாவை என்ன செய்தாய்?" என்று என் தோளைப் பிடித்துக் கேட்டார். நான் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர்கள் இருவரும் தங்கள் மொழியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு யூலி என்னிடம் வந்து, "சனிக்கிழமை முடியும்வரையாவது இதை யாரிடமும் சொல்லாமல் இருப்பாயா என்று அப்பா கேட்கிறார்" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் இருந்தது பயம், கோகிலா. அவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் கெஞ்சுகிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. சரி என்று சொல்லத்தான் நினைத்தேன். பயந்தால் எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினேன். "சரிங்க சார்" என்று நம் கல்லூரியில் ஆட்டுவோமே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அப்படி.

யூலியின் முகம் இறுகிவிட்டது. அப்பாவிடம் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ பேசினார். யூலி வேண்டாவெறுப்பாக ஆங்கிலத்தில் சொன்னார்: "முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல உனக்குத் தைரியம் இருக்கிறதாம். அப்படியென்றால் நீயே மேடையில் சொல்ல வேண்டுமாம். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பாராம். எனக்கு இதில் சம்மதமே இல்லை. மனம் மாறினால் கூப்பிடு." போன் நம்பரும் கொடுத்தார்.

பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் எனக்கு விளங்கியது. இங்கே அப்படித் தலையாட்டினால் மாட்டேன் என்று அர்த்தம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் பயத்தில் நம் ஊர்த் தலைதான் ஆடியிருக்கிறது.

ஒரு போன் போட்டால் போதும். நான் சரி என்றுதான் சொன்னேன், நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்லிவிடலாம். யூலி சந்தோஷப்படுவார். என் நான்காம் அத்தியாயம் பிழைக்கும். மே மாதத்தோடு என் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் பட்டம் வராவிட்டால் விசா என்ன ஆகும் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் மின்னஞ்சல் வந்தாலே, விசா ரத்து என்று இருக்குமோ என்றுதான் வெளிநாட்டு மாணவர்கள் நாங்கள் எல்லோரும் திறக்கிறோம். மேடையில் நான் சொல்வது தப்பாகிவிட்டால் சிரிப்பார்கள். சரியாகிவிட்டால், படுக்கையில் கிடக்கும் மனிதரின் வாழ்நாளைப் பிடுங்கியவள் என்பார்கள். எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று முழுதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நம்பரை அழுத்தப் போனால் அவர் இழுத்துப் பார்த்த கை நினைவுக்கு வருகிறது. தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நான் தலையாட்டியது தப்பு. ஆனால் அதைப் பார்த்து அவர் எடுத்த முடிவு தப்பில்லை. அதை எப்படி நான் திரும்பக் கேட்பது?

இன்று காலையில், என் பேச்சின் தலைப்பை மாற்றி ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிட்டேன். "வார்கோ தேற்றத்துக்கு ஓர் எதிரெடுத்துக்காட்டு." பதிலுக்கு ஒரு கேள்விக்குறி மட்டும் வந்திருக்கிறது. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

கோகிலா, இது கிடைத்ததும் ஒருநாள் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. மகள் டாக்டர் ஆகப்போகிறாள் என்று அவள் சொன்னால் கேட்டுக்கொண்டிரு, வேறு எதுவும் பேசாதே. பேராசிரியருக்காகவும் வேண்டிக்கொள். ஒருவேளை நான் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்காதே. மற்றவர்கள் கேட்பார்கள். நீ, சாப்பிட்டாயா என்று கேள்.

உன் அன்புத் தோழி,
ம. இந்துமதி