ஆறாம் முறை போட்ட புகார்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். பள்ளத்தில் விழுந்து வீங்கிய உங்கள் முட்டி இப்போது மடங்குகிறதா?

அந்தத் தெருப் பள்ளத்தைப் பற்றி நகராட்சி இணையதளத்தில் நான் போட்ட புகாரை, ஐந்தாம் முறையும் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். நான் வேலை செய்யும் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து ஆறாம் முறையும் போட்டுவிட்டேன்.

தெரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து கவுன்சிலர் என்னை நீக்கியதற்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் வீடு தேடி வந்து, "வெளியூர்ல இருக்கிற பொண்ணுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டாராமே. "அவ அப்பன் விழுந்த பள்ளம், அவ கேக்காம யாரு கேப்பா?" என்று சொல்லுங்கள். வாபஸ் வாங்க மாட்டேன்.

தினமும் காலையில் அம்மாவை விட்டுப் பள்ளத்தைப் படமெடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். ஓரமாக நீங்களும் நில்லுங்கள். ஆழம் தெரிய ஓர் ஆள் வேண்டும். படத்தில் உங்கள் முகத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்