ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பிரௌசர்

இன்று காலை அலுவலகக் கம்ப்யூட்டரில் பயிற்சி வீடியோ ஒன்றைத் திறந்தேன். படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். படம் ஓட்டும் பிளக்-இன் இல்லை, தனியாகப் போட்டுக்கொள்ளவும் என்றது. பக்கத்து மேசைக்காரர், "வேற பிரௌசர்ல தொறங்க மேடம், அதுல கூடவே வந்துடுது" என்றார். திறந்தேன், ஓடியது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தோழிகள் நாம் இருவரும் நடத்திய பிரௌசிங் சென்டருக்கு ஒரு மத்தியானம் மேரியக்கா வந்தார். மயிலம் பக்கத்துக் கிராமம். ஒரே மகள் கன்னியாஸ்திரியாகி வெளிநாட்டில் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்திருந்தாள். மடத்தார் அதை வீடியோவாக இணையத்தில் போட்டிருந்தார்கள். முகவரியை மகள் கடிதத்தில் எழுதியிருந்தாள். அவர் அவளைப் பார்த்து நான்கு வருடம்.

கம்ப்யூட்டரோடு வந்த பிரௌசரில் அந்தப் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. நீ இன்னொன்றைத் திறந்தாய். அது பிளக்-இன் கேட்டது.

"நேத்துதான போட்டோம்?" என்றேன்.

"அது அந்த பிரௌசருக்குப் போட்டது. ரெண்டும் வேற வேற ஆளுங்க செஞ்சது. வெளியிலேர்ந்து ஒண்ண சேத்துக்கிற வழி அதுல வேற, இதுல வேற. அதுக்குச் செஞ்சத இது ஏத்துக்காது."

"ஒரே பேஜாரா கீது. உள்ளயே வச்சிக் குடுத்தா என்னவாம்?"

"பக்கத்தக் காட்டறதுதான் பிரௌசர் வேலைன்னு உட்டுட்டாங்க. படம் ஓட்டற புரோகிராம் வேற கம்பெனியோடது. ஒருநாள் யாராவது உள்ளயே வச்சிக் குடுப்பாங்க, பாரு."

டெலிபோன் லைனில் வரும் இணைப்பு. பிளக்-இன் இறங்கி முடிவதற்குள் இரண்டு முறை அறுந்தது. மேரியக்காவின் பஸ் போய்விட்டது. "நாளைக்கு வர்றீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பாத்துட்டே போறேம்மா."

நீ மூன்றாம் முறை முதலிலிருந்து ஆரம்பித்தாய். வீடியோ ஓடியபோது மகளின் முகம் சில நொடிகள்தான் தெரிந்தது. "எளச்சிட்டா" என்றார். பிறகு, "இன்னொருவாட்டி போடும்மா." ஆறு முறை போட்டாய். அதன்பின் மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றாய். உன் கண்கள் சிவந்திருந்தன.

பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. சென்டருக்கு வருவோர் குறைந்தார்கள். உன் சிறுநீரகம் கெட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உன்னருகே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் கண் திறந்து, "கடையத் தொறந்தியா?" என்றாய்.

பூட்டித்தான் கிடந்தது. "தொறந்துகீது. என் தங்கச்சி பாத்துக்கறா."

"கூட்டமா?"

"நாலு சிஸ்டமும் ஃபுல்லு."

உன் முகம் தெளிந்தது. "அப்ப இங்க ஏன் உக்காந்துகினு கீற? அவ ஒருத்தியா என்ன பண்ணுவா? ஜல்தியா போ."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற எழுந்து போனேன். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் பஸ்கள் வந்தன, போயின. ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தபோது உன் அம்மா வார்டு கதவருகே நின்றிருந்தார். உள்ளே உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். "எங்கம்மா போன?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. உன் அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.