இறக்கி வைத்த இரண்டு தந்திகள்

3 செப்டெம்பர் 1986, புதன்

இன்று முதல் வைலே நகரத்து மேல்நாட்டுச் சங்கீதத்துக்கு நான்தான் பொறுப்பு. அதாவது, பதினெட்டுக் கதிரைகளை அடுக்குவது. கொம்யூன், அதாவது இந்த டேனிஷ் நகரசபை, தந்த வேலைப் பயிற்சி. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் வயலின் படிப்பித்தவள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். இசையோடு சம்பந்தப்பட்ட வேலை தேடித் தந்துவிட்டார்கள். கதிரையில் இருந்துதானே வாசிக்கிறார்கள்?

8 செப்டெம்பர்

சேம்பர் ஓர்கெஸ்ட்ரா என்கிற இந்தச் சின்ன வாத்தியக் குழுவுக்கு இருபத்தைந்து வயதாம். விழா மலருக்குப் பழைய நிகழ்ச்சித் தாள்களை அடுக்கச் சொன்னாள் நிர்வாகி பிர்கித்தே. 1961இல் ஒரு பல் வைத்தியர் வீட்டு முன்னறையில் ஒன்பது பேர் தொடங்கியது. 1967இல் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை; நாலு பேர் விலகினார்கள். 1974இல் செல்லோக்காரரின் மனைவி வயோலாக்காரரின் மனைவியானாள்; அந்த இரண்டு ஆண்களும் இன்னும் அருகருகே இருந்து வாசிக்கிறார்கள். எங்கள் கோயில் சபைச் சண்டைகளை நினைத்து நான் வெட்கப்பட்டதெல்லாம் வீண்.

அந்த ஒன்பது பேரில் மிச்சம் நில்ஸ் ஒருவர்தான். அறுபத்தாறு வயது, வயலின் வரிசையில் கடைசிக் கதிரை. குழுவில் என்னோடு கதைக்கும் ஒரே ஆள். கதைப்பது முழுக்க மழையைப் பற்றி.

19 செப்டெம்பர்

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். வாத்திய அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம் இருக்கிறது. உள்ளே உபரி வயலின் ஒன்று. கச்சேரி நடுவில் முன்வரிசைக்காரியின் தந்தி அறுந்தால், அவள் பக்கத்து ஆளின் வயலினை வாங்கிக்கொள்வாள். அவர் பின்னால் இருப்பவருடையதை. இப்படியே போய், கடைசி ஆளுக்கு உபரி. பந்தியில் கடைசி இலைக்குக் கிடைக்கும் கறி மாதிரி.

எல்லோரும் போன பிறகு அதை எடுத்து, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து வாசிக்கிறேன். கீழ் இரண்டு தந்திகளும் அப்படியே. மேல் இரண்டையும் ஒவ்வொரு சுரம் இறக்கினால் எங்கள் சுருதி. முடிந்ததும் திரும்ப ஏற்றி வைத்துவிடுவேன். களவுதான். என் வயலினை விட்டு வந்து இரண்டரை வருடம் - முதல் நாள் அழுதுவிட்டேன். சரி, போதும்.

26 ஒக்டோபர், ஞாயிறு

நேற்று வெள்ளிவிழாக் கச்சேரி. இடைவேளைக்குச் சற்று முன்னர் தந்தி அறுந்தது. வயலின்கள் கைமாறி, நில்ஸ் உபரியை எடுத்தார். விரல் சரியான இடத்தில், சத்தம் எங்கேயோ. ஐயோ, நான்தான்! வெள்ளிக்கிழமை பிர்கித்தே திடீரென்று கதவைத் தட்ட, பதறி, தந்திகளை ஏற்றாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்தேனே!

பாவம், கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு வில்லைத் தந்தியில் படாமல் அசைத்துக்கொண்டிருந்தார். சபை பலமாகக் கைதட்டியது. இந்த ஊரில் எதற்கும் கைதட்டுவார்கள். இடைவேளையில் ஓடிப்போய்ச் சுருதியை ஏற்றி வைத்தேன். மகா கெட்டிக்காரி.

28 ஒக்டோபர்

நில்ஸ் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். கச்சேரி முடிந்ததும் அந்த வயலினைச் சோதித்தாராம், சுருதி சுத்தமாக இருந்ததாம். "அப்படியென்றால் என் காது போய்விட்டது" என்றாராம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "உமக்கென்ன விசரே? அந்தாள் எப்பிடியும் வீட்டிலை இருக்கிற வயசு. வாயைத் திறந்தீரெண்டால் வேலையும் போச்சு, வயலினும் போச்சு."

என்ன அருமையான நியாயம். ஒரு மனிதர் தன்னைச் செவிடன் என்று நம்பிக்கொண்டு சாகவேண்டியது. நான் தோடி வாசிக்கவேண்டியது.

29 ஒக்டோபர்

அலுமாரியைத் திறக்கவில்லை.

31 ஒக்டோபர், வெள்ளி

சொல்லிவிட்டேன். சொன்னேனா? எனக்குத் தெரிந்த டேனிஷ் இதற்குப் போதாது. பிர்கித்தேக்கும் நில்ஸுக்கும் முன்னால் நிலத்தில் இருந்து, மேல் இரண்டையும் இறக்கி, நாலு வரி வாசித்தேன். "கச்சேரியில் இது இப்படித்தான் இருந்தது. நான் செய்தது" என்றேன்.

நில்ஸ் வயலினை வாங்கித் தன் பகுதியை வாசித்துப் பார்த்தார். அதே கோணல் சத்தம். சிரிக்கத் தொடங்கினார், கண் நிறைந்துவிட்டது. "அப்போ நான் கேட்டது சரி! என் காது சரி!"

பிர்கித்தே சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். திறப்பைக் கொடுத்தேன்.

17 நவம்பர்

கொம்யூன் என் அடுத்த திறமையைக் கண்டுபிடித்திருக்கிறது: இக்காஸ்ட் ஊர்த் தொழிற்சாலையில் உள்ளாடைக்கு இலாஸ்டிக் தைப்பது. விடிய முன்னம் பஸ். நில்ஸ் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டாராம். நல்லது. எனக்குச் சந்தோஷம்தான். எரிச்சலும்தான்.

6 டிசம்பர், சனி

நில்ஸ் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு வயலின் பெட்டி. வீட்டில் சும்மா கிடந்த தன் பழைய வயலினாம். "அன்றைக்கு நாலு வரியோடு நிறுத்திவிட்டாய். மிச்சம் என்ன?" என்று கேட்டார்.

மிச்சம் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. விரல் பல இடத்தில் வழுக்கியது. இவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, கொடுக்காமல் வாசலிலேயே நின்றார்.

நில்ஸ் வெறுங்கையோடு புறப்பட்டார். படி இறங்கும்போது "வயலின்! வயலின்!" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. காது கேட்கவில்லையாம்.