நிரப்பாமல் விட்ட மடு

கல்குடா
8.11.2009

அன்பு மகன் லக்ஷனுக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம். சுவிஸ் குளிரில் உன் கைகால் உளைவு குறைந்து நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவாய், கடிதத்தை முழுவதும் வாசித்துத்தானே ஆக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி துசாந்தினிக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. ஆனால் நீ சொன்ன மாதிரி வளவின் பின்பக்கம் மழைத்தண்ணீர் நிற்கும் மடுவைக் கிரவல் போட்டு நிரப்பவில்லை. அவள் விடவில்லை. சுனாமியில் கடல் ஏறி உப்பாகிப்போனதிலிருந்து அந்த மடுவில் தவளைச் சத்தமே இல்லை, இந்த மாரிக்குத்தான் தவளைகள் திரும்பவும் கத்தத் தொடங்கின. அதிலும் ஒரு மரத்தவளை, மடுவுக்கு மேலே சாய்ந்த பூவரசங் கொப்பில் வெள்ளை நுரை கட்டி அதற்குள் முட்டையிட்டிருந்தது. யாரோ சவர்க்கார நுரையை எறிந்திருக்கிறார்கள் என்று நான் விளக்குமாற்றால் தட்டப் போனேன். அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதுக்குள்ள முழுக்கக் குஞ்சுதான் அம்மா, தண்ணிக்குள்ள விழுந்தாத்தான் பிழைக்கும், மடுவ மூடினா மண்ணில விழுந்து செத்துப்போகும் என்று அழுதேவிட்டாள். கம்பஸில் படித்த காலத்தில் இந்தக் கரையெல்லாம் இந்தச் சாதித் தவளையைத் தேடித் திரிந்தாளாம், ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். அப்பா மாரித்தவளை மாதிரிக் கத்தினார். மடுவை விட்டால் வீடு சின்னதாகிவிடும், மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்களே என்ற பயம் எனக்கும்தான். அவள் அசையவில்லை. பொம்புளப் புள்ளைக்குத்தானே வளவு, என்ட பேரில எழுதியாச்சு, அப்ப மடுவும் என்டதானே என்றாள். நம் வழக்கத்தை வைத்தே நம் வாயை அடைத்துவிட்டாள், கெட்டிக்காரி. அடுத்த நாளே மேசனோடு நின்று கயிறு பிடித்து, ஓர் அறையைக் குறைத்து, அத்திவாரத்தை றோட்டுப்பக்கம் தள்ளி வெட்டுவித்தாள்.

வெள்ளிக்கிழமை வவுணதீவிலிருந்து மாப்பிள்ளை சுபாகரனின் தாய் வந்தார். அறை குறைவதைக் கண்டதும் முகம் சுருங்கியது. துசாந்தினி ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, அவரை மடுவடிக்கே கூட்டிப்போனாள். காலையில் பெய்த மழையில் நுரை கரைந்து வாற்பேத்தைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. அந்த மனுசி சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என்ன கா செய்யிற, எங்கட வயல் வட்டையில மருந்தடிச்சு அடிச்சுத் தவளச் சத்தம் கேட்டே கனகாலம், என்ட மகன் இஞ்சயே வந்து இருக்கட்டும் என்றார். தை மாதம் கல்யாணம் உறுதி. சண்டைக் காலம் முழுக்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு இடம் இடமாக ஓடின பிள்ளை, தனக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் இன்னோர் உயிருக்கு அதில் இடம் விட்டிருக்கிறாள். பெற்றவள் புகழக்கூடாது என்பார்கள், எனக்குப் புகழாமல் இருக்க முடியவில்லை மகன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறைத்த அறை உனக்கென்று நினைத்திருந்தது. கொண்ணன் வந்தால் எங்கே படுப்பான் என்று கேட்டேன். விறாந்தையில படுக்கட்டும், தவள கத்தி நித்திர வராட்டி என்னோட சண்ட பிடிக்கட்டும், ஆனா போனில வேணாம், இஞ்ச வந்து பிடிக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தைக்கு இப்போதே லீவு கேட்டு வை. பிள்ளையார் உனக்குத் துணை நிற்பார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அன்னப்பூரணி