சொந்த விருப்பத்தின் பேரில்

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை போய் முப்பத்தைந்து நாள். வேலையிழப்பு உதவித்தொகைக்கு மனுப் போட்டு முப்பது நாள். இன்று அந்த அலுவலகத்துக்கு மூன்றாவது படையெடுப்பு. டோக்கன் எண்பத்தி நாலு. சுவரில் ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கும் பெரிய படம்; கீழே, "உங்களுக்காகவே நாங்கள்". அவள் இங்கே வேலை பார்ப்பவளாக இருக்க முடியாது. இங்கே யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

மூன்றாம் கவுன்ட்டர் அம்மாளுக்கு மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றிமேல்தான். என்னைப் பார்ப்பதற்காக அதை இறக்கவில்லை.

"போட்டோவுல பின்னாடி வெள்ளையா இல்ல மேடம்."

"வெள்ளைச் சுவருதாங்க அது."

"சிஸ்டம் ஏத்துக்கலையே."

சிஸ்டம் கேட்குது, சிஸ்டம் விடாது, சிஸ்டம் திருப்பி அனுப்பிடுச்சு. உள்ளறையில் ஒரு கொடுமைக்கார மாமியாரை உட்கார வைத்திருப்பது போலவே பேசுகிறார்கள்.

பிப்ரவரி 12

புதுப் போட்டோ எடுத்தாயிற்று. அசல் திருடி மாதிரி இருக்கிறேன். சிஸ்டத்துக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

போன் செய்தேன். நாற்பது நிமிடம் ஒரே பாட்டின் ஒரே துண்டு. அதன் பிறகு ஒரு ஆண்குரல்: "உங்க மனு பரிசீலனையில இருக்கு."

"இன்னும் எத்தனை நாளாகும்?"

"பரிசீலனை முடியிற வரைக்கும்."

இதைச் சொல்வதற்கு அவருக்கு மாதச் சம்பளம். கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

கடிதம் வந்தது. "சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகியவர் என்பதால் தாங்கள் உதவித்தொகை பெறத் தகுதியற்றவர்."

நானா? விலகினேனா? பத்தொன்பது வருஷம் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை விரலால் தடவித் தடவிச் சோதித்தவள், ஒருநாள் காலையில் சலித்துப்போய் எழுந்து வந்துவிட்டேனாக்கும்!

வேலை போன அன்று காலையில் அறுபத்து மூன்று பேரைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். பெயரை வாசித்தவர் பர்சனல் ஆபீசர். உருகி ஒழுகும் வெயிலிலும் கழுத்தில் டை இல்லாமல் வரமாட்டார். எங்களுக்கு அவர் டைக்காரர். "கடைசி மாசச் சம்பளம் வாங்குறதுக்கு ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். போட்டோம். அந்தத் தாள்தான் ராஜினாமா கடிதம் என்று இன்று தெரிகிறது.

மயிரிழைக் கீறல் இருந்தாலும் ரப்பரைத் திருப்பி அனுப்புகிறவள், ஒரே ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கழுதை. வேற என்னன்னு சொல்றது?

மார்ச் 5, புதன்

கவுன்ட்டர் அம்மாளிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கம்பெனிதான் நிறுத்துச்சுன்னு கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

"கம்பெனியையே மூடிட்டாங்களே."

"அப்ப மூடினதுக்கு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

"யாருகிட்ட?"

"கம்பெனிகிட்ட."

பஸ் பிடித்துப் போனேன். கேட்டில் பூட்டு. பெயர்ப்பலகை எழுத்துகளைக்கூடப் பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். வாட்ச்மேன் மட்டும் நாற்காலியில். "மெஷினெல்லாம் போன வாரமே ஏத்திட்டாங்கக்கா. முதலாளி வேற பேர்ல வேற எடத்துல ஆரம்பிக்கிறாராம்" என்றார். ஆட்களை மட்டும்தான் ஏற்ற மறந்துவிட்டார்கள் போல.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். வாடகை பாக்கிக்கு வீட்டுச் சொந்தக்காரர் ஏப்ரல் கடைசி வரைதான் பொறுப்பார் என்பது எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது.

"எதுக்கு அண்ணி தனியா வாடகை குடுத்துக்கிட்டு? நம்ம வீட்டு ஸ்டோர் ரூமை ஒழிச்சுத் தர்றேன். ஒரு கட்டில் தாராளமா போடலாம்."

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கலாம். பழைய பெட்டிகளையும் ஓடாத மிக்ஸியையும் நகர்த்திவிட்டு அந்த இடத்தில் என்னை வைக்கப் போகிறாள் — அன்பாக. தம்பி என் கட்டிலின் அளவைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டிருந்தான்.

பார்க்கலாம் என்றேன். போக மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வரிசையில் எனக்குப் பின்னால் டைக்காரர்!

டை இல்லை. கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் எதை மறைத்தார் என்று இப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்ததும் ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஃபைல் சின்னது, முகம் பெரியது.

பிறகு கவுன்ட்டரில் அவர் புலம்பியது காதில் விழுந்தது. அவர் மனுவையும் தள்ளிவிட்டார்களாம், அதே காரணத்துக்காக. எங்களுக்கு நீட்டியது போன்ற ஒரு தாளில் கடைசி ஆளாக அவரையும் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார் முதலாளி. வீடு வரும் வரை சிரித்தேன். இந்த இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உதவித்தொகை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க... செக்கிங் செக்‌ஷன்தானே?" பத்தொன்பது வருஷம். என் பெயர் தெரியவில்லை.

"நானும் பாதிக்கப்பட்டவன்தாம்மா" என்றார். குரலைத் தாழ்த்தி மெல்ல மெல்ல அவிழ்த்தார்: முதலாளி கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கிறது. மேலே "ஆட்குறைப்பு" என்ற தலைப்பு, கீழே அறுபத்து மூன்று பெயர், அடியில் முதலாளி கையெழுத்து. நிறுத்தியது கம்பெனிதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

"அதைக் குடுங்க. மேல்முறையீட்டுல காட்டுறேன்."

"அதுல ஒரு சங்கடம்மா. புதுக் கம்பெனில எனக்கு ஒரு எடம் தர்றேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. இப்போ போய் இதைக் காட்டினா..."

அந்த ஆள் வேலையில் இருந்தபோதும் இப்படித்தான், வேலை போன பிறகும் இப்படித்தான். எழுந்து வேறு நாற்காலிக்குப் போனேன். மனிதன் இவ்வளவு வழவழப்பாகவும் இருப்பானா? எங்கள் ரப்பரில்கூடக் கொஞ்சம் பிடிப்பு இருக்கும்.

மார்ச் 26

ஒன்றும் இல்லை. மேல்முறையீட்டு மனுவில் பதினேழாம் கேள்வி: "தாங்கள் ஏன் மேல்முறையீடு செய்கிறீர்கள்?" இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். "வேலை இல்லை, புத்தி இருக்கிறது" என்று எழுதிவிட்டு, கிழித்துவிட்டு, வேறு தாளில் ஒழுங்காக எழுதினேன்.

ஏப்ரல் 2, புதன்

சாயங்காலம் வாசலில் டைக்காரர். விலாசத்தை வாட்ச்மேனிடம் வாங்கினாராம். உள்ளே கூப்பிடவில்லை. அவராகவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அந்த எடத்தை மச்சினனுக்குக் குடுத்துட்டாரு. என் போனை எடுக்கவே மாட்டேங்கறாரு" என்றார். பையிலிருந்து பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வச்சுக்குங்க. எல்லாரும் காட்டட்டும்."

நல்லெண்ணத்தில் கொடுத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆத்திரத்தில் கொடுத்தார், அதனால் நம்பினேன். ஒவ்வொரு பெயராகப் படித்தேன், இரண்டு முறை. நாற்பத்தோராவது பெயர் என்னுடையது. போகும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10

பழைய ஆட்களைத் தேடித்தேடி நகல் கொடுத்தேன். இருபத்தாறு பேர் வாங்கிக்கொண்டார்கள். பாலிஷ் செக்‌ஷன் அண்ணன் ஒருத்தர், "எதுக்குமா வம்பு" என்று கதவைச் சாத்திவிட்டார். வம்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைக்கிறார், பாவம். நடுத்தெருவில் நிற்பதற்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறாரோ.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும் ஒரு சின்ன அறை. அதிகாரி வயதானவர், முதல் பத்து நிமிடம் என் ஃபைலுக்குப் பதிலாக வேறு யாருடைய ஃபைலையோ படித்தார். நான் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அசடு வழிய மூடி வைத்தார்.

பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கு சரி. ஆனா ராஜினாமாவுல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா?" என்றார்.

சாட்சியாக டைக்காரர் வந்திருந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கையெழுத்து வாங்கினது நீங்களா?"

"நான்தான் சார்."

"என்ன சொல்லி வாங்கினீங்க?"

வழக்கம்போல் வழுக்கிக்கொண்டு போகப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பொய் சொல்லி சார். சம்பளத்துக்கான தாள்னு சொன்னேன். என்ன தாள்னு எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியாது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "இதைச் சொன்னா உங்க மனு நிக்காது. தெரிஞ்சு கையெழுத்துப் போட்டவர்னு ஆயிடும். புரியுதா?"

"புரியுது சார்."

வெளியே வந்ததும் நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். விடை பெறக்கூடத் தெரியாத ஆள்.

மே 6, செவ்வாய்

உதவித்தொகை அனுமதிக்கப்பட்டது. கடிதத்தில் என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகைக்குப் பேசியாயிற்று. தம்பி மனைவிக்கும் போன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம் அண்ணி" என்றாள், மனசாரத்தான். ஸ்டோர் ரூம் தப்பித்தது.

மே 8

டைக்காரர் போன். "உங்களுக்கு வந்துடுச்சாம்மா?"

"வந்தது. உங்களுக்கு?"

"தள்ளிட்டாங்க. மேல்முறையீடு போட்டிருக்கேன். சரி, வச்சிடறேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த ஆளுக்காக நான் எதுக்கு யோசிக்கணும்? அறுபத்து மூணு பேரை ஏமாத்தினவன். நல்லா வேணும். நல்லா வேணும்தான். முதலாளி அவரை என்ன சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தாரோ. அதை மட்டும் அந்த அறையில் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 12, திங்கள்

காலையிலேயே போய்விட்டேன். டோக்கன் பதினொன்று. முதலாளி அவரிடம் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்று விசாரிக்கச் சொல்லி, முன்தினம் உட்கார்ந்து எழுதிய சாட்சிக் கடிதத்தைக் கவுன்ட்டரில் நீட்டினேன். கண்ணாடி அம்மாள் என் பெயரை ஸ்கிரீனில் தட்டிப் பார்த்தாள். இன்றைக்கு அதிசயமாகக் கண்ணாடி மூக்குமேல்.

"உங்களோடதுதான் முடிஞ்சுடுச்சே மேடம். மறுபடியும் எதுக்கு வந்தீங்க?"

"இது என்னோடது இல்ல. இன்னொருத்தரோட மேல்முறையீட்டுக்கு."

"யாரு, சொந்தக்காரரா?"

"இல்ல. எனக்குச் சுத்தமா பிடிக்காத ஆளு."

கடிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, பரிசீலனைக்கு அனுப்புவதாகச் சொன்னாள். ரசீது தரும்வரை நகர மாட்டேன் என்று அங்கேயே நின்றேன்.