சந்தையில் நீ அம்மா என்றது

லிவிங்ஸ்டன்
ஏப்ரல் 22

அன்புள்ள மகன் முன்சாகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் தங்கச்சி லுயாண்டோவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, போன வியாழக்கிழமைதான் இரண்டு கண்ணாலும் பார்த்தேனே, கன்னத்தில் சதை போட்டு நன்றாகத்தான் இருக்கிறாய்.

நீ ஊருக்கு வந்த சேதியே மாமா சொல்லித்தான் தெரியும். புதன்கிழமை மோசி-ஓ-துன்யா அருவி வாசலில் அவன் மழைக்கோட்டு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தானாம், நீ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு பாலத்துப் பக்கம் போனாயாம், பெயர் சொல்லிக் கத்தியும் நீ திரும்பவில்லையாம். அருவிச் சத்தத்துல அவனுக்குக் கேட்டிருக்காதுக்கா என்று எனக்குச் சமாதானம் வேறு சொன்னான். நானும் நம்பினேன், இந்த மாதச் சாரலில் பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியாதே. தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாய் என்று கோழி அடித்துச் சோளக்களி கிண்டி வைத்தேன். மறுநாள் அதை உன் தங்கச்சிதான் தின்றாள், எனக்கு இறங்கவில்லை.

அன்றைக்குச் சந்தையில் காப்பெந்தாப் பொடிமீன் கருவாட்டைப் புடைத்துக்கொண்டிருக்கிறேன், நிமிர்ந்தால் நீ. அம்மா, எப்படி இருக்கீங்க என்று நம் பாஷையில் கேட்டாய். ஏழு வருஷம் கழித்துக் கேட்ட சொல், முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் உன்னோடு வந்த அந்த வெள்ளைக்காரப் பெண், இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா என்றாள். நீ சிரித்துக்கொண்டே, இங்க வயசான பொம்பளைங்க எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுவோம், எங்க ஊர் மரியாதை அது என்று இங்கிலீஷில் சொன்னாய். வருகிற வெள்ளைக்காரர்களுக்கு விற்று விற்று உன் அம்மா இங்கிலீஷ் கற்றுக்கொண்டது உனக்கு எப்படித் தெரியும், ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே. நீ சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் என்னைச் சுடுகிறது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் பெற்றவளைக் கைகழுவிவிட்டாய். என்னைப் பார்க்கவும் ஆசை, இவள்தான் என் தாய் என்று சொல்லவும் வெட்கம், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. கருவாட்டு நாற்றமா உனக்கு வெட்கம்? அந்த நாற்றம்தான் உன்னைப் படிக்க வைத்தது என்று சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், சொல்லியும்விட்டேன்.

எழுந்துவிட்டேன், எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே, ஒரு கிண்ணம் அளந்து கொட்டிக் கொசுறும் ஒரு கை போட்டேன். அந்தப் பெண், இங்கே பெண்கள் பெரியவர்களுக்குச் செய்வதைப் பார்த்திருப்பாள் போல, முழங்காலை மடக்கிக் கையை மெல்லத் தட்டி எனக்கு நன்றி சொன்னாள். தடுமாறினாள், ஆனாலும் மடக்கினாள். நீ மரம் மாதிரி நின்றாய். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் அடுத்த கடை நாலிஷேபோ, என்னடி, பெத்த புள்ளைக்கே கொசுறு போட்டு அனுப்பிட்டே என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் கீழே கிடந்த முறத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் விரலில் மோதிரம் பார்த்தேன். தாய்மாமன் உட்காராமல் நம் வீட்டில் எந்தக் கல்யாணப் பேச்சு நடந்திருக்கிறது? மாமா குதிக்கிறான், அவன் கல்யாணத்துக்கு நான் வரவே மாட்டேன்க்கா என்று. கூப்பிட்டாத்தானேடா வரமாட்டேன்னு சொல்ல முடியும் என்றேன்.

அந்தக் கருவாட்டில் மண் இருக்கும், வெந்நீரில் இரண்டு தரம் அலசச் சொல், பிறகு தக்காளி வெங்காயத்தோடு வதக்கினால் போதும். பெயர்கூட நீ சொல்லாத அந்தப் பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடு, மறக்காதே. எனக்காக இல்லை. முன்பின் தெரியாத கருவாட்டுக்காரிக்கு முழங்கால் மடக்கியவள், ஒரு நாள் தெரிந்துகொண்டு உன்னைக் கேட்பாள், என்னைப் போல் கடிதத்தில் கேட்க மாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நம் முன்னோர் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். அடுத்த தரம் வந்தாலும் அம்மா என்று கூப்பிடு, திரும்பிப் பார்ப்பேன். சந்தையில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறவள்தானே.

இப்படிக்கு,
முன்சாகாவின் அம்மா